நஷ்டத்துக்காகக் கட்டிய வீடுகள்

டாக்டர்கள் வாங்கியது வீடுகளை அல்ல, நஷ்டத்தை. ஹூஸ்டனில் நூற்றிருபது குடியிருப்புகள் கொண்ட ஒரு கட்டடத்தில் முப்பது டாக்டர்கள் பங்கு வாங்கியிருந்தார்கள். ஒருவரும் அதைப் போய்ப் பார்த்ததில்லை. ஆள் குடிவராவிட்டாலும் கவலையில்லை. கட்டடத்தின் மதிப்பு வருடா வருடம் தேய்கிறது என்று காகிதத்தில் எழுதி, அந்த நஷ்டத்தைச் சம்பாத்தியத்தில் கழித்துக்கொண்டால் வரி மிச்சம். எல்லாம் சட்டப்படிதான். அப்போது டெக்சாஸில் பல் டாக்டர் என்றால் படகு இருக்கிறதோ இல்லையோ, இப்படியொரு நஷ்டம் இருக்கும்.

அங்கே வேக்கோ என்ற ஊரில் அவர்களுக்கெல்லாம் வரிக்கணக்கு பார்த்தவன் நான். பெயர் மெர்ல். பள்ளியில் என்னோடு ஒன்றாகப் படித்த பல் டாக்டர் ஆரினை இதில் இழுத்துவிட்டவனும் நானே.

எண்பத்தாறில் வாஷிங்டனில் வரிச் சட்டத்தைத் திருத்தப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. அந்தச் சமயத்தில் ஒருவர் ஆரினின் பங்கை நல்ல விலைக்குக் கேட்டார்.

"வித்துடவா, மெர்ல்?"

"மடையா, புதுச் சட்டம் புதுசா வாங்குறவனுக்குத்தான். பழசுல கை வைக்க மாட்டாங்க."

அதுவரை அப்படித்தான் நடந்திருந்தது. இந்தத் தடவை பழசிலும் கை வைத்தார்கள். கட்டட நஷ்டத்தைத் தொழில் வருமானத்தில் கழிக்கும் வழியைப் படிப்படியாக அடைத்தார்கள். அதன்பிறகு கட்டடத்தைச் சீந்துவாரில்லை.

எண்பத்தெட்டு பிப்ரவரியில், கட்டடத்தின் மேல் வாங்கிய கடனைக் கட்டாததால் அதை எடுத்துக்கொள்ளப் போவதாக வங்கியிடமிருந்து கடிதம் வந்தது. ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று ஆரின் அடம்பிடித்தான். காரை நான் ஓட்டினேன். அவனுடைய வலது கை ஒரு வருடமாக நடுங்குகிறது. ஊசி பிடிக்கிற கை. யாருக்காவது ஏதாவது ஆகிவிடும் என்ற பயத்தில், அந்த வாரத்தோடு கிளினிக்கை மூடுவதாக நோயாளிகளுக்கெல்லாம் சொல்லிவிட்டிருந்தான்.

பாதிக் கதவுகளில் பலகை அடித்திருந்தார்கள். நீச்சல் குளத்தில் பச்சைத் தண்ணீர். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் டோலோரஸ் என்ற அம்மாள் சாவிக்கொத்தோடு வெளியே வந்து, யார் என்று கேட்டாள்.

"முதலாளிங்கள்ல நானும் ஒருத்தன்," என்றான் ஆரின்.

"அப்படியா? ஆறு வருஷமா இங்கதான் கெடக்கேன். முதலாளின்னு ஒரு ஜென்மம் இருக்கிறதே இன்னைக்குத்தான் தெரியுது. பதினாலாம் நம்பர்ல ஹீட்டர் ஓடல. பிள்ளைங்க கோட்டோடதான் தூங்குதுங்க."

"அடுத்த மாசம் பாங்க்காரங்க வந்துடுவாங்கம்மா."

"அவங்களும் உங்கள மாதிரி கார்ல வந்து பாத்துட்டுப் போவாங்க."

ஆரினுக்கு முகம் செத்துவிட்டது. எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. அந்தப் பதினாலாம் நம்பரை நான் வெறும் எண்ணாகத்தான் பார்த்திருக்கிறேன். காரில் ஏறியதும் அவன் பெருமூச்சு விட்டான்.

"சனியன் ஒழிஞ்சுது. போட்ட காசு போனாப் போகட்டும். இனிமேலாவது நிம்மதியா வீட்ல உக்காரலாம்."

இனியும் தள்ளிப்போட முடியாது.

"ஆரின், பாங்க் எடுத்துக்கிட்டா நீ வித்த மாதிரிதான் கணக்கு."

"எனக்கு எவன் காசு குடுத்தான்?"

"யாரும் குடுக்கல. ஆனா இத்தனை வருஷம் கழிச்சுக்கிட்ட நஷ்டமெல்லாம் இப்ப லாபமாத் திரும்பி வரும். அதுக்கு வரி கட்டணும்."

"கையில வராத லாபத்துக்கா?"

"ஆமா."

எவ்வளவு என்று கேட்டான். சொன்னேன். ஓய்வுக்காலத்துக்கென்று அவன் சேர்த்து வைத்திருந்ததில் முக்கால்வாசி.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"வாங்கறப்பவே தெரியும். அவ்வளவு தூரம் வராதுன்னு நெனச்சேன்."

திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தச் சொல்லி, அங்கிருந்த டெலிபோனில் தன் கிளினிக்குக்குப் பேசினான். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

"ரோசலின், மூடப் போறோம்னு சொன்னோமே, அவங்க எல்லாருக்கும் போன் போடு. டாக்டர் தொடர்ந்து பார்க்குறார்னு சொல்லு. இல்லம்மா, கைக்கு ஒண்ணுமில்ல. சரியாப் போச்சுன்னு சொல்லு."

மறுநாள் காலை ரோசலின் எங்கள் வீட்டுக்கும் போன் செய்தாள். என் மனைவிக்குக் கடைவாய்ப் பல் எடுக்க வேண்டியிருந்தது, வியாழக்கிழமை வரலாமே என்றாள். வருகிறோம் என்று சொல்லி வைத்தேன். வைத்த கையோடு வேறு டாக்டரைக் கூப்பிட்டு நேரம் வாங்கினேன்.