உள்ளங்கைச் சூடம்

தாண்டவராயன் சமாதியில் அமர்ந்த மூன்றாம் நாள், அவனைக் கடித்த கட்டெறும்புகளின் தடிப்பு, வீட்டில் கேழ்வரகு திரித்துக்கொண்டிருந்த அவன் மனைவி முத்தம்மாளின் தொடையில் எழும்பியது. எழுபத்துநாலாம் வருஷம், சாமை அறுப்புக்கு முந்தைய வாரம். புளி விற்கத் திருவண்ணாமலைக்குப் போனவன், விழிப்பு, கனவு, உறக்கம் மூன்றுக்கும் அப்பால் நாலாவதாக ஒரு நிலை உண்டென்று அங்கே ஒரு சாமியார் சொல்லக் கேட்டு வந்து, மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் தன் சாமைக்கொல்லையை ஒட்டிய பாறைமேல் கால் மடக்கி உட்கார்ந்தான். பிறகு எழுந்திருக்கவில்லை. அவன் விட்ட உடம்பு எங்கும் போய்விடவில்லை. பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த முத்தம்மாளிடம் வந்து சேர்ந்தது.

மார்கழிப் பனியில் அவன் பாறைமேல் இருக்க, இவள் அடுப்போரம் பல் கிட்டிக் கிடந்தாள். அவன் பசியும் இவளுக்கே பசித்தது. இரண்டு ஆள் களி தின்றும் இளைத்தாள். அவன் தோல் வருஷத்துக்கு வருஷம் மினுங்கியது. கீழ்நாட்டிலிருந்து ஜீப்பில் ஜனங்கள் வரத் தொடங்கினார்கள். ஒருவர் கோணி ஊசியால் அவன் புஜத்தில் குத்திப் பார்த்து, ரத்தம் வரவில்லை என்று கைகூப்பினார். ரத்தம் முத்தம்மாளின் சேலையை நனைத்தது. அதன் பிறகு தினமும் உச்சிவேளையில் அவன் உள்ளங்கையில் சூடம் கொளுத்துவது வழக்கமாயிற்று.

அவள் ஊர்க்கவுண்டர் மாதையனிடம் போய்த் தன்னைப் புருஷனிடமிருந்து தீர்த்துவிடச் சொன்னாள். ஒத்துவராத புருஷனை விட்டுப் பெண் போவது அந்த ஊருக்குப் புதிதல்ல. புருஷன் ஊரார் முன்னால் ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டால் போதும். ஐந்து பேர் பாறைக்குப் போய், தாண்டவராயனின் விரலிடுக்கில் துரும்பை வைத்துவிட்டுப் பொழுது சாயும்வரை காத்திருந்தார்கள். துரும்பு அப்படியே நின்றது.

“இன்னா பண்றது முத்தம்மா? அவன் கையால கிள்ளணும். ஊர்க்கட்டு அது,” என்றார் மாதையன்.

“சூடம் கொளுத்துனா அது என் கை. துரும்புக்கு மட்டும் அவரு கையா மாமா?”

மாதையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “அவனாலதான் ரோடு போட அளந்துட்டுப் போயிருக்காங்க. கொஞ்சம் பொறுத்துக்கோ.”

ரோடு வந்தது. அப்புறம் பஸ் வந்தது. எண்பத்துமூன்றாம் வருஷம் ஆடியில் ஒருநாள் பாறைப் பக்கம் உச்சிவேளை மணி அடித்ததும் முத்தம்மாள் பல்லைக் கடித்துக் காத்திருந்தாள். வலி வரவில்லை. ஒன்பது வருஷமாக வலியையே பார்த்துக்கொண்டிருந்ததில், பார்ப்பவள் தனியாகக் கழன்றுவிட்டிருந்தாள். உறக்கமும் இல்லை, கனவும் இல்லை, விழிப்பும் இல்லை. மலையும் அடுப்புப் புகையும் அவளுக்குள்ளேயே இருந்தன. புருஷன்மேல் இருந்த கோபம்கூட அங்கே இல்லை. அப்படியே இருந்துவிடலாம் என்று இருந்தது.

வாசலில் பூங்கோதை அலறினாள். எட்டு வயது மகளின் உள்ளங்கை வெந்துகொண்டிருந்தது.

முத்தம்மாள் திரும்பி வந்தாள். வந்த கணமே மகளின் கை அடங்கி, இவள் கை எரிந்தது. அடுப்பில் சுட்டுக்கொண்டாய் என்று சொல்லி எண்ணெய் தடவிவிட்டாள். அதற்குமேல் யாரும் பூங்கோதைக்கு எதுவும் சொல்லவில்லை.

அந்தச் சுகம் பிறகும் முத்தம்மாளைத் தேடி வந்தது. களை பிடுங்கும்போதும் தண்ணீர் மொள்ளும்போதும் இமையோரம் வந்து நிற்கும். மனம் அமைதியாவது தெரிந்ததும் அவள் யாரையாவது வையத் தொடங்கினாள். “உன் கோழிக்கு என் வூட்டு வாசல்தான் கெடச்சுதா அம்மாக்கண்ணு? உன் மாமியாகாரி மாதிரியே மோப்பம் புடிச்சு வருது,” என்று பக்கத்து வீட்டுக்காரியை வம்புக்கு இழுத்தாள். ஒரு நாளைக்கு நாலைந்து சண்டை தேவைப்பட்டது. தூக்கத்திலும் திட்டினாள்.

பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களிடம் அம்மாக்கண்ணு சொல்வாள்: “இப்படி ஒரு வாயோட குடும்பம் நடத்துனவருக்கு ஞானம் வராம இன்னாங்க வரும்?” அவர்கள் சிரித்துக்கொண்டே பாறைக்கு ஏறினார்கள்.

தாயின் வாய்க்கு வெட்கப்பட்டுப் பூங்கோதை பகலெல்லாம் தகப்பனருகிலேயே இருந்தாள். பன்னிரண்டு வயதிலிருந்து அவன் உள்ளங்கையில் சூடம் ஏற்றுவது அவள் பொறுப்பாயிற்று. அவள் ஏற்றியதும் கீழே வீட்டில் முத்தம்மாளின் வசவு ஒரு படி உயரும். அதைக் கேட்டு உச்சிப்பொழுது ஆயிற்றென்று ஊரார் களிக்கு உலை வைத்தார்கள்.