எஃகுக் கோட்டை பாகம் இரண்டும் வல்லத்துச் சம்பந்தமும்

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. செஞ்சி டென்ட் கொட்டகைக்கு, சினிமாவுக்கு வந்தார்கள். ஏற்பாடு மாப்பிள்ளையின் அம்மா தர்மவதி அம்மாளுடையது. பக்கத்து வல்லத்தில் நிலபுலன் உள்ள குடும்பம், ஒரே பிள்ளை. "வீட்ல பார்த்தா எல்லாப் பொண்ணும் தலையைக் குனிஞ்சிக்கினுதான் நிக்கும். கொட்டாய்ல மூணு மணி நேரம் பக்கத்துல உக்காந்து பார்த்தாத்தான் கொணம் தெரியும்" என்று தரகரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். எங்கள் ஜைன வீடுகளில் இப்படி ஒரு பெண் பார்த்தல் அதற்கு முன்னாலும் நடக்கவில்லை, பின்னாலும் நடக்கவில்லை.

இது எண்பத்தாறாம் வருஷம் நடந்தது. எனக்குப் பத்தொன்பது வயது. விழுப்புரத்தில் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்துக் கடிதம் வந்திருந்தது. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். நைனா மல்லாட்டை என்கிற நிலக்கடலைக்கு மண்டி வைத்திருப்பவர், எதையும் தராசில் வைத்துத்தான் பேசுவார். "அந்தம்மா உன்னை வேணான்னு சொல்லிட்டா திங்கக்கெழம நானே பஸ் ஏத்தி உடறேன். வேணும்னு சொல்லிட்டா கல்யாணம். அப்பறம் படிப்பு கிடிப்புன்னு வாயத் தொறக்கக் கூடாது" என்று முடித்துவிட்டார்.

ஆகவே நான் எப்படியாவது ஃபெயிலாக வேண்டும். அதுவரைக்கும் நான் எதிலும் ஃபெயிலானதே கிடையாது. எப்படி ஆவது என்று தெரியவில்லை.

இதில் இன்னொரு தொல்லை. மாப்பிள்ளை தர்மதாஸை ஒரு தடவை மண்டியில் பார்த்திருக்கிறேன். மூட்டை தூக்குகிறவருக்குத் தன் சொம்புத் தண்ணீரைக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆள் கொஞ்சம் சுமாராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு குழப்பம் இருந்திருக்காது.

ராஜகிரி மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குவதற்கு முன்னாலேயே சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பினோம். பொழுது சாய்ந்தபின் நாங்கள் எதையும் வாயில் வைப்பதில்லை. கொட்டகையில் மணல்தரை. நடுவில் இடுப்பளவு சுவர். இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள். நைனாவும் தர்மதாஸும் அந்தப் பக்கம் போனார்கள். இந்தப் பக்கத்தில் அம்மா, நான், எனக்கு ஒட்டினாற்போல் தர்மவதி அம்மாள். முன்னால் எங்கள் தெரு மெஹராஜ் பேகம் அக்கா, மடியில் வறுத்த மல்லாட்டைப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார். துணி தைக்கிறவர். ஊரில் அவர் அளவெடுக்காத பெண்ணும் கிடையாது, அவர் அபிப்பிராயம் சொல்லாத படமும் கிடையாது.

படத்தின் பெயர் 'எஃகுக் கோட்டை – பாகம் இரண்டு'. தமிழில் குரல் கொடுக்கப்பட்ட வெளிநாட்டுப் படம். போஸ்டரில் கோட்டை என்று இருந்ததால் பாதிக் கூட்டம் ராஜா ராணிக் கதை என்று நம்பி வந்திருந்தது. முதல் பாகம் செஞ்சிக்கு வரவே இல்லை. அதனால் டிக்கெட் கொடுக்கிற விநாயகம் மைக்கைப் பிடித்தார்.

"பொதுமக்களே! மொதல் பாகம் பார்க்கலியேன்னு யாரும் டென்சன் ஆவ வேணாம். நான் சொல்றேன்!"

அவரும் முதல் பாகத்தைப் பார்த்தவர் இல்லை. போஸ்டரைப் பார்த்துச் சொன்னார். ஒவ்வொரு காட்சிக்கும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டே வந்ததில், நாங்கள் போன நாலாம் நாளைக்குக் கதாநாயகி ரீனாவுக்கு ஒரு கொடுமைக்காரச் சித்தி முளைத்திருந்தாள். அப்படி ஒருத்தி படத்தில் கிடையாது. ஜனம் கடைசிவரைக்கும் அந்தச் சித்தியை எதிர்பார்த்துக் காத்திருந்தது.

படம் ஆரம்பித்தது. இனிமேல் வரப்போகிற காலமாம். உயரமான இரும்பு மதிலுக்குள் ஒரு நகரம். வெளியே யாரும் போகக் கூடாது. எல்லோருக்கும் சாம்பல் நிற உடுப்பு. பதினெட்டு வயது நிறைந்த அன்றைக்குப் பெரிய மண்டபத்தில் இருக்கிற இயந்திரத்துக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். அது ஒரு சீட்டைத் துப்பும். அதில் மூன்று விஷயம் இருக்கும். உனக்கு என்ன வேலை, உனக்கு எந்த வீடு, உனக்கு யார் ஜோடி. மறுபேச்சு கிடையாது. பார்த்தவர்கள் ரத்தம் கொதிக்க வேண்டும் என்றுதான் அந்த வெள்ளைக்காரர்கள் எடுத்திருப்பார்கள். பாவம், அவர்கள் செஞ்சிக்கு வந்ததில்லை.

"வேலையா? கவர்மென்ட்டு வேலையா?" என்று ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்ல பதிஞ்சி ஒம்போது வருசம் ஆவுதுப்பா. ஒரு கார்டு வரல எனக்கு!"

"வீடும் குடுக்கறாங்களே" என்று எங்கள் பக்கத்தில் ஒரு பெருமூச்சு. "நகை, சீரு, பாத்திரம் ஒண்ணுமே கேக்கலியே" என்று இன்னொன்று.

"இது நல்ல ஊரா இருக்குதே" என்றார் மெஹராஜ் அக்கா. "எனக்கு மூணு பொண்ணு. பஸ் போவுதா அங்க?"

வெள்ளை உடுப்புத் தலைவர் மேடையேறி, "உங்களுக்கு எது நல்லது என்பதை இயந்திரம் அறியும்!" என்றதும் ஆண்கள் பக்கம் கைதட்டல் காதைக் கிழித்தது. பெண்ணைப் பெற்ற அப்பன்மார் எல்லாம் தட்டினார்கள். நைனாவின் கை தனியாகவே கேட்டது.

ரீனாவுக்கு இயந்திரம் கொடுத்தது மின்சார இலாகாவில் வேலை. அவள் அந்தச் சீட்டைக் கிழித்துப்போட்டு மதிலேறி ஓடியது முதல் பாகமாம். நினைவுக் காட்சியில் காட்டினார்கள். கொட்டகை பதறிவிட்டது.

"அடிப்பாவி, கரென்ட் ஆபீஸ் வேலையைக் கிழிக்கறாளே!"

"பொறுக்கி ஒட்டுடி!"

"எல்லாம் அந்தச் சித்தி சொல்லிக் குடுத்துதான்."

கொட்டகையில் ஒரே புரொஜெக்டர். ரீல் மாற்றும் போதெல்லாம் விளக்கைப் போட்டுவிடுவார்கள். முதல் ரீல் மாறும்போது நான் வேலையைத் தொடங்கினேன். காலை நீட்டி உட்கார்ந்தேன். அம்மா கிள்ளியதைக் கண்டுகொள்ளவில்லை. கொட்டாவி விட்டேன், வாயை மூடாமல். பக்கத்தில் திரும்பிப் பார்த்தால் தர்மவதி அம்மாள் வெறுந்திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். "திரும்பி வந்திருக்குதே இந்தப் பொண்ணு, புடிச்சிடுவாங்களா?" என்று கேட்டார். என் காலை அவர் பார்க்கவே இல்லை. என் குணத்தைப் பார்க்க வந்தவருக்கு ரீனாவின் குணத்தைப் பார்க்கவே நேரம் போதவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. ஃபெயிலாவதற்குக்கூட யாராவது பேப்பர் திருத்த வேண்டாமா?

இரண்டாவது ரீல் மாறியபோதுதான் அவர் எங்கள் அம்மாவிடம் மெதுவாக ஒரு விஷயத்தைச் சொன்னார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க. தாயனூர்ல இன்னொரு பொண்ணையும் பார்த்து வெச்சிருக்கேன். ரெண்டும் நல்ல எடந்தான். நாளைக்குக் காலைல கோயில்ல ரெண்டு பேரையும் எழுதி, சாமி முன்னாடி சீட்டுப் போட்டு எடுக்கப் போறோம். எது வருதோ அது."

அம்மா தலையாட்டினாள். சீட்டுப் போட்டுப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் புதிதில்லை. எருமை வாங்குவதற்கும் போடுவார்கள், கிணறு வெட்டுவதற்கும் போடுவார்கள். ஆனால் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நான் காலை நீட்டினால் என்ன, மடக்கினால் என்ன? நான் நல்லவளோ கெட்டவளோ, என் திங்கட்கிழமை நாளைக்கு ஒரு துண்டுக் காகிதத்தில் இருக்கிறது. இவ்வளவு நாள் படித்ததெல்லாம் எதற்கு என்று அழுகை முட்டியது. அழவில்லை. எனக்கு அழுகை வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

விளக்கு அணைந்தது. திரையில் ரீனாவைப் பிடித்துத் தலைவர் முன்னால் நிறுத்தினார்கள். "கொடுத்த வேலையைச் செய்யாத உனக்கு என்ன திமிர்?" என்று அவர் கேட்டார். "அப்டிக் கேளு!" என்று கொட்டகை முழுக்கக் குரல் எழுந்தது.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"இன்னா அப்டிக் கேளு? அந்தப் பொண்ணை யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா? அதுக்குன்னு ஒரு ஆசை இருக்காதா? கரென்ட் ஆபீஸ் வேணும்னு அது வந்து உங்ககிட்ட அழுதுச்சா?"

சுவருக்கு அந்தப் பக்கம் நைனா இருமினார். அது எந்த இருமல் என்று எனக்குத் தெரியும்.

"உக்காருடி, படம் மறைக்குது" என்றார் மெஹராஜ் அக்கா.

உட்கார்ந்தேன். ஃபெயில். இதைவிட நன்றாக ஃபெயிலாக முடியாது. ஆனால் சந்தோஷமே வரவில்லை. மனசுக்குள் தர்மதாஸின் சொம்பு வந்து நின்றது.

ரீனா காவலாளியை ஏமாற்றி இயந்திர மண்டபத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தாள். இருட்டு, தடதடவென்று மேளம். மெஹராஜ் அக்கா பதற்றத்தில் பொட்டலத்தைப் பின்னால் நீட்டினார். தர்மவதி அம்மாள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு கைப்பிடி அள்ளினார். தோலை உரித்து, ஊதி, வாய்க்குக் கொண்டுபோனார். நான் சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"பொழுது போயிடுச்சி."

அவர் தன் கையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அந்தச் சாயங்காலத்தில் அவர் என் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. மல்லாட்டையை மணலில் போட்டுவிட்டு, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

கடைசி ரீல். ரீனா இயந்திரத்தின் பின்கதவை உடைத்துத் திறக்கிறாள். உள்ளே சக்கரமும் இல்லை, கம்பியும் இல்லை. ஒரு நாற்காலி. அதில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு கிழவர். முன்னால் ஒரு டப்பா. கண்ணை மூடிக்கொண்டு டப்பாவுக்குள் கையை விட்டு ஒரு சீட்டை எடுக்கிறார், துவாரத்தின் வழியாக வெளியே தள்ளுகிறார். அடுத்தது எடுக்கிறார். அவ்வளவுதான் மொத்த இயந்திரமும்.

கொட்டகை வெடித்தது.

"டேய், குலுக்கல் சீட்டாடா!"

"நாலு எடம் விசாரிச்சிப் பார்த்துக் குடுக்கறான்னு நெனச்சா, கண்ண மூடிக்கினு எடுக்கறானே!"

"பொம்பளப் புள்ளைங்க வாழ்க்கைடா அது!"

இரண்டரை மணி நேரம் தலைவருக்குக் கைதட்டியவர்கள் திரையின் மேல் மணலை வாரி எறிந்தார்கள். எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்காரர்தான் முதல் கைப்பிடி. "கிழிடி ரீனா, எல்லாத்தையும் கிழி!" என்று மெஹராஜ் அக்கா தொண்டை கட்டக் கத்தினார். ரீனாவும் கிழித்தாள். விநாயகம் மைக்கில், திரை கொட்டகைக்குச் சொந்தம் இல்லை, வாடகைக்கு எடுத்தது என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

விளக்கு போட்டார்கள். தர்மவதி அம்மாள் எழுந்திருக்கவில்லை. மணலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எனக்கும் எங்க நைனா சீட்டுதான் போட்டாரு. ரெண்டு பேரு. அப்ப எனக்குப் பதினாலு வயசு. ஒரு சீட்டை எடுத்துட்டு இன்னொண்ண ஆத்துல உட்டுட்டாங்க. அதுல யார் பேரு இருந்துச்சின்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"எடுத்த சீட்டு இப்ப வீட்ல பல்லு வலின்னு படுத்துக்கினு கெடக்குது. கெட்ட மனுசன்னு சொல்ல மாட்டேன். ஆனா என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கல." பிறகு என் பக்கம் முழுசாகத் திரும்பினார். "நாளைக்குக் கோயிலுக்குப் போறது சாமி கும்புட மட்டுந்தான். நீ சொல்லு. உனக்கு இன்னா வேணும்?"

பத்தொன்பது வருஷத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

"ட்ரெயினிங் போவணும்."

"எவ்ளோ நாளு?"

"ரெண்டு வருசம்."

"எம்புள்ளையப் புடிக்கலியா?"

"அப்டி நான் சொல்லலியே."

மெஹராஜ் அக்கா களுக்கென்று சிரித்தார். தர்மவதி அம்மாள் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நேராக நடுச்சுவருக்குப் போனார். வெளியே போகிற கூட்டத்துக்கு மேலாகக் குரல் கொடுத்தார்.

"டேய் தர்மதாசு! பொண்ணு படிக்கப் போவுது. ரெண்டு வருசம் காத்திருப்பியாடா?"

போகிறவர்கள் நின்றுவிட்டார்கள். வெளியே போனவர்களும் திரும்பி வந்தார்கள். எனக்கு மணலுக்குள் புதைந்துகொள்ளலாம்போல் இருந்தது. "இருப்பாரு, இருப்பாரு!" என்று எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்காரர் வாக்குக் கொடுத்தார். "நான் ஒம்போது வருசம் காத்திருக்கல?"

"நீ சும்மா இருப்பா. மாப்ள சொல்லட்டும்" என்று நாலு பேர் அவரை அடக்கினார்கள்.

தர்மதாஸ் எழுந்து நின்றார். நைனா பக்கத்தில் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தர்மதாஸ் தன் அம்மாவைத்தான் பார்த்துப் பேசினார். ஆனால் குரல் எனக்குக் கேட்கட்டும் என்றே வந்தது.

"காத்திருக்கறதுக்கு இன்னாம்மா, இருக்கேன். ஆனா அவுங்க என்னை இருக்கச் சொல்றாங்களா? மொதல்ல அதைக் கேளுங்க."

மொத்தக் கொட்டகையும் பெண்கள் பக்கம் திரும்பியது. விநாயகம்கூட மைக்கை வைத்துவிட்டார். நான் எழுந்தேன். "இருக்கச் சொல்லுங்க" என்றேன். எனக்கே கேட்கவில்லை. "இன்னா சொல்லுச்சி? இன்னா சொல்லுச்சி?" என்று அந்தப் பக்கம் சலசலத்தார்கள். மெஹராஜ் அக்கா எனக்குப் பதிலாகச் சொல்ல வாயைத் திறந்தார். நான் அவர் தோளைத் தொட்டு நிறுத்தினேன்.

சுவருக்குப் பக்கத்தில் போய் நின்று இன்னொரு தடவை சொன்னேன். ஆண்கள் பக்கத்தில் கடைசி வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்டது.