முன்பக்கச் சங்கிலி

எண்பத்து மூன்றாம் வருஷத்து வறட்சியில் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளுக்கு மூச்சுவிட நேரமில்லை. ஆத்தூர்ப் பக்கம் தோட்டத்துக்குத் தோட்டம் போர்க் கிணறு போடக் காத்திருந்தார்கள். அப்புசாமியின் லாரியில் இரும்புக் குழாய்களை ஏற்றி முடித்ததும், கேபினுக்குப் பின்னால் சங்கிலி போட்டு இறுக்க வேண்டும் என்றான் டிரைவர் நாச்சிமுத்து. அரைமணி நேர வேலை. வண்டி நின்றாலும் குழாய் நிற்காது, வந்த வேகத்திலேயே முன்னால் வரும் என்றான்.

முதலாளி சிரித்தார். இத்தனை பாரம் எங்கே எழுந்து ஓடப்போகிறது, பக்கவாட்டில் கயிறு போட்டாயிற்று, சக்கரத்துக்கெல்லாம் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, கிளம்பு என்றார். எலுமிச்சம்பழத்தை மறக்காத மகராசன். நாச்சிமுத்துவும் வாயை மூடிக்கொண்டு கிளம்பினான். அதை நினைத்தால் இன்றைக்கும் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது அவனுக்கு.

அயோத்தியாப்பட்டணம் தாண்டியதும் ஒரு மாடு குறுக்கே வந்தது. நாச்சிமுத்து பிரேக்கை மிதித்தான். முந்தின நாள்தான் தன் கையால் சரிசெய்த பிரேக். வண்டி அடித்துவைத்த முளை போல நின்றது. குழாய்கள் நிற்கவில்லை. கேபினைப் பிளந்துகொண்டு இடதுபக்கம் பாய்ந்தன. அங்கே உட்கார்ந்திருந்தவன் கருப்பண்ணன், நாச்சிமுத்துவின் மனைவி பாவாயிக்கு ஒரே தம்பி. மாடு வாலை ஆட்டிக்கொண்டு போய்விட்டது.

பாவாயி அழுது ஓய்ந்தபின் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மாட்டக் காப்பாத்தோணும்னு தோணுச்சே, என்ர தம்பி பக்கத்துல இருக்கறது நெனப்பு வல்லீங்களா?"

அவன் சங்கிலிக் கதையைச் சொன்னான். அவள் நம்பவில்லை. முதலாளி வாயால் ஒரு வார்த்தை வந்தால் நம்புவாள். பதினாறாம் நாள் கருமாதிக்கு அப்புசாமி வந்தபோது, அவளை வைத்துக்கொண்டே நாச்சிமுத்து கேட்டான்.

"சங்கிலி போடோணும்னு நாஞ் சொன்னனா இல்லீங்களா?"

அப்புசாமி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"பாரமா போறப்ப அத்தன கெட்டியாவா பிரேக்கப் புடிப்பாங்க, நாச்சிமுத்து?"

பாவாயி எழுந்து உள்ளே போனாள். அன்றிலிருந்து அவனோடு பேச்சில்லை. வேளாவேளைக்குச் சோறு மட்டும் வந்தது.

மறுமாதம் லாரி புதுக் கேபினோடு வந்தது. வேறு தொழில் தெரியாத நாச்சிமுத்துதான் அதையும் ஓட்ட வேண்டியிருந்தது. நெற்றிப் பலகையில் பெரிய எழுத்தில் 'கருப்பண்ணன் துணை' என்று எழுதியிருந்தார்கள். குழாய் ஏற்றியானதும் அவன் சங்கிலி கேட்டான்.

"அதான் உன்ர மச்சினனே தொணைக்கு இருக்கறானே. கெளம்பு சாமி," என்றார் அப்புசாமி.

நாச்சிமுத்து எலுமிச்சம்பழங்களின் மேல் வண்டியை ஏற்றினான். அயோத்தியாப்பட்டணம் தாண்டியதும் ஓர் ஆட்டுக்குட்டி, தாயைத் தேடிக் குறுக்கே ஓடி வந்தது. அவன் பார்த்தான். கால் பிரேக்குக்குப் போகவில்லை.