நாகையா ஏறிய மலை

1

இந்தக் கதை என் முழங்காலிலிருந்து பிறந்தது. மலாய் நாட்டில், செமினி என்ற ஊருக்குக் கிழக்கே ஒரு மலையில் பாதிவழியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கூட வந்தவர்கள் மேலே போய்விட்டார்கள். காத்திருந்த மூன்று மணி நேரத்தில், நூறு வருடங்களுக்கு முன் இங்கே பாதையே இல்லாமல் ஏறிய ஒருவனைக் கற்பனை செய்தேன். நாகையா என்று பெயர் வைத்தேன்.

முதல் வரி இப்படி வந்தது: 'மலைகள் நாகையாவை அழைத்தன, அவனும்...'

(வேண்டாம். மலை யாரையும் அழைப்பதில்லை. அவனை அழைத்தது நில அளவை இலாகா.)

2

1911இல் நாகையா நகரத்தில், பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் தண்டவாள வேலை பார்த்தான். யானைத் தடத்தைப் பார்த்து ஓடிப்போன சுமைக்காரர்களுக்குப் பதிலாக அளவைக்காரர்களோடு காட்டுக்குப் போனான். மழையில் எல்லோரும் வழி தவறியபோது, ஓடையின் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு கீழே கொண்டுவந்து சேர்த்தது அவன்தான். அதற்குப் பிறகு அவன் இல்லாமல் யாரும் மலைக்குக் கிளம்பவில்லை. எந்தக் கொடியை வெட்டினால் குடிநீர் வரும் என்பதை அந்தக் காட்டின் பழங்குடிகளான தெமுவான் மக்களிடம் கற்றுக்கொண்டான். பத்து வருடத்தில் பதினோரு மலைகளுக்கு வழி கண்டான்.

மிஞ்சியது ஒன்று. நகரத்திலிருந்து யாரும் அதன் உச்சிக்குப் போனதில்லை. நாகையா இரண்டு முறை முயன்று திரும்பியிருந்தான்.

3

மூன்றாம் முறை, 1921இல், அவனோடு ஒரு வெள்ளைக்காரத் துரையும் சுமை தூக்கச் சபாபதியும் போனார்கள். (துரைக்குப் பெயர் வைக்கவில்லை. வைத்தால் அவர்மேல் எனக்கு இரக்கம் வந்துவிடும்.)

உச்சிக்கு இரண்டு மணி நேரம் இருக்கையில் சபாபதி ஈர வேரில் வழுக்கி விழுந்தான். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது.

"இவன் இங்கேயே இருக்கட்டும். நாம் போய்விட்டு வரலாம்" என்று துரை மலாயில் சொன்னார்.

"வலி ஒண்ணும் இல்லண்ணே. போயிட்டு வாங்க. பத்து வருசமா இதுக்குத்தானே அலையுறீங்க" என்றான் சபாபதி. அவன் உதடு வெளுத்திருந்தது.

நாகையா உச்சியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். பிறகு துரைக்கு முகட்டைக் காட்டி, "நேரா ஏறுங்க, எங்கயும் திரும்பாதீங்க" என்று மலாயில் சொல்லிவிட்டு, பிரம்பால் தூளி கட்டிச் சபாபதியை முதுகில் ஏற்றிக்கொண்டான். செமினிக்கு வந்து சேர இரண்டு நாள் ஆனது.

4

துரை உச்சியில் கொடி நட்டுவிட்டதாகப் பத்திரிகையில் வந்தது. சபாபதியின் கால் கோணலாகத்தான் கூடியது. துரை யாரிடமோ பேசி, செந்தூல் ரயில்வே கேட்டில் அவனுக்கு வேலையும் குடியிருக்க வீடும் வாங்கிக் கொடுத்தார். சபாபதியின் மூன்று பிள்ளைகளும் அந்த வீட்டில்தான்.

அடுத்த வருடம் நாகையா தனியாக மலையேறினான். கொடி இருந்தது. ஆனால் அது நின்ற இடம் உச்சியல்ல, அதற்குக் கீழே உள்ள மொட்டை மேடு. மூடுபனியில் துரை ஏமாந்தாரா, தெரிந்தே பொய் சொன்னாரா? (எனக்கும் தெரியாது.)

உண்மையான உச்சிக்கு நாகையா ஏறினான். முதல் ஆள் அவன்தான். மேற்கே கிள்ளான் பக்கம் கடல் ஒரு கோடாகத் தெரிந்தது. கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தான்.

ஒரு மாதத்தில் வேறொரு அளவைக் குழு வரவிருந்தது. கொடி கீழே இருப்பதை அவர்கள் பார்த்தால் துரையின் பேர் கெடும். துரையின் வார்த்தையில் சபாபதிக்குக் கிடைத்த வேலையும் வீடும் நிலைக்காது என்று நாகையா கணக்குப் போட்டான். மேட்டுக்கு இறங்கி, கொடியைப் பிடுங்கிக்கொண்டு மறுபடி ஏறி, உச்சியில் நட்டான்.

(இந்த இடத்தில் அவனை அழவைக்கப் பார்த்தேன். அவன் அழவில்லை.)

5

இறங்கியவன் நேராகச் செந்தூலுக்குப் போனான். ரயில் போனதும் சபாபதி நொண்டிக்கொண்டே கேட்டைத் திறந்தான்.

"என் காலு மட்டும் நல்லா இருந்திருந்தா அங்க நீங்கதாண்ணே மொதல்ல நின்னுருப்பீங்க. கண்ண மூடுனா அதான் நெனப்பு. என்னாலதான கெட்டுச்சி."

உச்சியில் முதலில் நின்றது தான்தான் என்று நாகையா சொல்லிவிட்டதாக ஒருமுறை எழுதினேன். சபாபதி சந்தோஷத்தில் அழுதான். ஆனால் அவன் வாயில் எதுவும் தங்காது. ஒரே வாரத்தில் பிரிக்பீல்ட்ஸ் முழுக்கப் பரவி, அலுவலகத்துக்கும் எட்டியது. வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தது.

சொல்லவில்லை என்றும் எழுதினேன். சபாபதி இன்னும் முப்பது வருடம் அந்தக் கேட்டைத் திறந்து மூடினான், நாகையாவைப் பார்க்கும்போதெல்லாம் தலைகுனிந்தான், கடைசியில்...

இரண்டையும் கிழித்துவிட்டேன். மாட்டுவண்டிகள் தண்டவாளத்தைக் கடந்து போகின்றன. நாகையா, "சபா" என்கிறான். அடுத்த சொல் உங்களுடையது. சபாபதி நிமிர்ந்து பார்க்கிறான்.