ஈர்க்குச்சியில் சுற்றிய நூல்

பருத்தி வண்டியில் செட்டியார்பட்டியிலிருந்து ராஜபாளையம் வந்து, அங்கே வேறு வண்டி பிடித்து, பெத்தம்மாள் ஸ்ரீவில்லிபுத்தூர் தருமாஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. வலது கணுக்காலுக்கு மேலே கொப்புளம் உடைந்து, வெள்ளை நூல் ஒன்று அரை விரல் நீளம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நரம்புச்சிலந்திப் புழு. மூன்று வருஷத்துக்கு முன் அவள் புருஷன் சின்னக்கருப்பனுக்கும் வந்ததுதான். விதைப்பு மழை விழுந்த அன்று படுத்துக் கிடக்க மனசில்லாமல் அவன் அதை வெடுக்கென்று இழுத்தான். பாதியில் அறுந்தது. கால் சீழ் வைத்து, முட்டி மடங்கியது மடங்கியதுதான். இப்போது அந்த வீட்டில் வேலைக்குப் போகும் கால்கள் இவளுடையவை மட்டும். காட்டில் பருத்தி வெடித்து நிற்கிறது.

“அய்யா, நாளைக்கு நான் காட்டுல நிக்கணும். ஒரே இழுப்பா இழுத்து விட்டுருங்க.”

“அதுக்கு நான் எதுக்குத் தாயி? உம் புருசனே போதுமே” என்றார், புருஷன் கதையை அவள் சொல்லக் கேட்டிருந்த டாக்டர் ஜமால் முகமது.

அவளுக்குச் சுருக்கென்றது. அவர் அவளை ஜன்னலோரம் உட்காரவைத்து, புண்ணின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றினார். நூலின் நுனியில் பால் போல ஒரு சொட்டு கசிந்தது. அதைத் தண்ணீரோடு ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் ஏந்தி, வெள்ளை எடுப்பாகத் தெரியத் தன் கறுப்புக் குடைத்துணியின் மேல் வைத்து, பூதக்கண்ணாடியை நீட்டினார்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தண்ணீரே அசைவது போலிருந்தது. முடியைவிட மெல்லிய இழைகள் வளைந்தன, நிமிர்ந்தன, மறுபடி வளைந்தன. பத்தல்ல, நூறல்ல.

“இம்புட்டும் எங் காலுக்குள்ளயா?”

“அம்புட்டும் குஞ்சு. தாய் இன்னும் உள்ள கெடக்கு. நடுவுல அறுந்தா இதெல்லாம் உள்ளயே கொட்டும். உம் புருசன் காலு அப்படித்தான் வீணாப் போச்சு.”

மூன்று வருஷமாக ஊர் அதைச் சாமி குத்தம் என்றது. அதற்காக ஒரு கிடாயும் வெட்டியாகிவிட்டது. பெத்தம்மாள் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“எரியுதுன்னு காலை எங்க வச்ச?”

“ஊர்க் கெணத்துலதான். படியில உக்காந்து தண்ணிக்குள்ள விட்டா சில்லுன்னு…” அவள் நிறுத்தினாள். தண்ணீர் பட்டதும்தானே அந்தச் சொட்டு வந்தது?

“குடிக்கதும் அந்தத் தண்ணிதானா?”

அவள் தலையசைத்தாள்.

“தண்ணியில பொடிப் பூச்சி இருக்கு. அது இந்தக் குஞ்சைத் தின்னும். பூச்சியோட தண்ணியக் குடிச்சவன் காலு வழியா வருசம் கழிச்சு இது வெளிய வரும். பெரிய டாக்டர்மாரு சில பேரு இன்னும் ஒத்துக்கிடல. நான் நம்புதேன்.”

ஊரில் பங்குனிதோறும் நாலு பேர் தவறாமல் நொண்டினார்கள். அவர்கள் எல்லோரும் உட்கார்ந்த கிணற்றுப்படி அவளுக்குத் தெரியும்.

மடவார் வளாகத்தில் சித்தி வீட்டில் தங்கி, தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் வெளியே வந்தவரை அந்த நூலை ஈர்க்குச்சியில் ஒரு சுற்று, சில நாள் இரண்டு சுற்று சுற்றிக் கட்டுப் போடுவார். பதினோராம் நாள் ஊரிலிருந்து ஆள் வந்தது: “பருத்தி காத்துல பறக்குதாம். வாரியா இல்லியான்னு கேட்டாரு ஒன் வீட்டுக்காரரு.”

ஆள் போனபின் அவள் கை தானாகக் குச்சிக்குப் போனது. ஒரே இழுப்பு, நாளைக்குக் காடு. கண்ணுக்குள் அந்தக் கிண்ணம் அசைந்தது. கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள்.

“ஏட்டி, அந்தச் சாயபு ஒனக்கு மந்திரிச்சு விட்டாரா?” என்றாள் சித்தி.

“ஆமா சித்தி. கண்ணாடியில வச்சு மந்திரிச்சாரு.”

பத்தொன்பதாம் நாள் வால் நுனி கொக்கி போல வளைந்து வெளியே வந்தது. முழுசாக, ஒரு முழத்துக்கு மேலே ஒரு சாண். தன் கூழையே தின்று ஒரு வருஷம் தன்னோடு நடந்த அதை அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு காலை ஊன்றி நின்றாள். முட்டி நிமிர்ந்தது.

ஊர் திரும்பிய மறுநாள் காலையில் காட்டுக்குப் போகுமுன் கிணற்றுக்குப் போனாள். தெருக்காரன் பேச்சிமுத்து கொப்புளக் காலோடு படியிறங்கிக்கொண்டிருந்தான்.

“ஏலே, எறங்காத! மேல வந்து உக்காரு. நான் மோந்து ஊத்துதேன்.”

“ஏன், கெணத்த வெலைக்கு வாங்கிட்டியோ?”

“வாங்கல. உள்ள என்ன இருக்குன்னு பாத்துட்டு வந்திருக்கேன். வாலே.”

முனகிக்கொண்டே ஏறி வந்தான். கிணற்றுக்கு எட்டத்தில், கரிசல் மண்ணில் அவனை உட்காரவைத்து, குடத்துத் தண்ணீரைக் காலில் ஊற்றினாள். கொப்புளத்திலிருந்து வெள்ளையாக ஒரு சொட்டு உருண்டு கறுப்பு மண்ணில் விழுந்தது. பூதக்கண்ணாடி இல்லாமலே அவளுக்கு அது நெளிவது தெரிந்தது. மண் அதைக் குடித்து முடிக்கும்வரை நின்று பார்த்தாள்.