ஒரு செம்பு வெள்ளம்

கரையோர மேசை கிடைக்காததில்தான் அன்றைக்கு என் கோபம் ஆரம்பித்தது. சுருளிப்பட்டியில் சுருளியாண்டி மீன்கடை என்றால் ஞாயிற்றுக்கிழமை குடும்பம் குடும்பமாக வருவார்கள். தகரக் கொட்டகை, ஐந்து மேசை, வாசலில் அகலமான தோசைக்கல். சுருளியாண்டி மீனைப் புரட்டுவார், அவர் சம்சாரம் மொக்கம்மாள் இலை போடுவாள். ஐந்தில் ஒரு மேசைதான் ஆற்றைப் பார்த்திருக்கும். அங்கே உட்கார்ந்து ஜிலேபி மீனைப் பிய்த்துத் தின்றால்தான் எனக்குத் தின்ற மாதிரி இருக்கும்.

அன்று அதில் கேரளப் பக்கத்துக் குமுளிக்காரர் ஒருவர் தன் மனைவியோடும் இரண்டு குழந்தைகளோடும் உட்கார்ந்திருந்தார். நான் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பக்கத்து மேசையில் உட்கார வேண்டியதாயிற்று.

இரண்டாயிரத்து ஐந்து, ஐப்பசி மாதம். இராயப்பன்பட்டி மாதா கோவிலில் பூசை முடிந்ததும் நேராக வண்டியை இங்கே விட்டிருந்தேன். என் மனைவி மெர்லினுக்கு வர இஷ்டமே இல்லை. வழியெல்லாம் மலையைக் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டு வந்தாள்.

"மேல எப்படிக் கறுத்துக் கெடக்கு பாருங்க. ரெண்டு நாளா அருவியில குளிக்க விடலையாம். இன்னைக்கு வேணாங்க."

"இங்கன வெயிலு மண்டையப் பொளக்குது. மீன் திங்கப் போறமா, அருவியில குளிக்கப் போறமா?"

"சரி, வந்தாச்சு. பாப்பாவ ஆத்துப் பக்கம் மட்டும் விட்டுராதீக."

"நான் என்ன கிறுக்கனா?" என்றேன்.

எங்களுக்கு ஒரே பிள்ளை. ஜெசிந்தா, ஆறு வயது. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பிறந்தவள். மெர்லின் அவளை ஈரத்தரையில்கூடத் தனியாக நடக்க விடமாட்டாள். அது எனக்குக் கேலி. எனக்கு எல்லாமே கேலிதான். கம்பத்தில் என் பட்டறைக்கு மோட்டார் காயில் கட்ட வருகிறவர்கள் பாதிப்பேர் என் வாயைக் கேட்கத்தான் வருவார்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு.

குமுளிக்காரரின் பிள்ளைகளுக்கு எங்கள் ஊர்க் காரம் ஒத்துக்கொள்ளவில்லை. சின்னவன் இருமினான். அவர் கையைத் தூக்கி, "சேச்சி, கொறச்சு வெள்ளம்" என்றார்.

மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். எங்கள் பக்கத்தில் இது தெரியாதவர்கள் கிடையாது. ஏலத்தோட்ட வேலைக்குப் போய்வருகிறவர்கள் வீட்டில் குழந்தைக்கும் தெரியும். ஆனால் மேசை போன எரிச்சல் எனக்குள் இருந்தது.

"வெள்ளமா? நம்ம ஊருல அது வந்தா கடையே இருக்காது சாமி!" என்றேன்.

கொட்டகையே சிரித்தது. மொக்கம்மாள் சிரித்துக்கொண்டே செம்பில் தண்ணீர் கொண்டுபோய் வைத்தாள். அவரும் பாவம், சிரித்து வைத்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி கையைத் தூக்கினார். என் குரல் அவருக்கு முன்னால் போனது.

"அடுத்த வெள்ளம் வந்துருச்சு! எல்லாரும் மேட்டுல ஏறிக்கங்க!"

இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. காது சிவந்தது. அவர் மனைவி தலையைக் குனிந்துகொண்டு பிள்ளைக்கு முள் எடுத்தாள். மூன்றாம் தடவை அவர் யாரையும் கூப்பிடவில்லை. தானே எழுந்துபோய் டிரம்மில் மொண்டு வந்தார். எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. இதை இன்றைக்கு எழுதும்போது என்னையே அறையலாம் போல இருக்கிறது.

சுருளியாண்டி கடையில் ஒரு வழக்கம், அடுத்த மீனை நாமே போய்க் கல்லருகே நின்று பொறுக்கிக்கொள்ளலாம். மெர்லின் அதற்காக எழுந்து வாசலுக்குப் போனாள். ஜெசிந்தா மிளகாய்ப்பொடிக் கையால் கண்ணைத் தேய்த்துவிட்டாள்.

"அப்பா, எரியுதுப்பா."

டிரம்மைச் சுற்றி நாலுபேர் நின்றார்கள். என் மேசைக்குப் பின்னால் ஆற்றுக்கு ஏழு படி. தண்ணீர் கடைசிப் படியில் கணுக்காலளவுக்குப் போய்க்கொண்டிருந்ததை வந்தவுடனேயே பார்த்திருந்தேன். மறுபக்கத்து மேசைக்காரரிடம் ஏதோ கதை அளந்துகொண்டிருந்தேன். கதை பாதியில் நின்றது.

"படியில ஓடிப்போய்க் கழுவிட்டு வா ஆத்தா. ஆத்துக்குள்ள எறங்காத."

அவள் ஓடினாள். நான் கதையைத் தொடர்ந்தேன். அது என்ன கதை என்று இன்றுவரை எனக்கு ஞாபகம் வரவில்லை.

குமுளிக்காரர் சட்டென்று எழுந்தார். நாற்காலி பின்னால் விழுந்தது. வாயில் சோறு. கை என் தலைக்கு மேல் எதையோ காட்டியது.

"வெள்ளம்! வெள்ளம்!"

"மொக்கம்மாக்கா, செம்பு பத்தாது, அவருக்கு டிரம்மையே உருட்டி விடுங்க!" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். மொக்கம்மாள் உண்மையிலேயே செம்பை நிறைத்துக்கொண்டு ஓடி வந்தாள். "இந்தாங்க, இந்தாங்க" என்று நீட்டினாள். அவர் அதைத் தட்டிவிட்டுப் பாய்ந்தார். செம்பு என் இலையில் விழுந்து, மீனும் குழம்புமாக என் வெள்ளைச் சட்டையெல்லாம் தெறித்தது.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. எழுந்து குறுக்கே நின்று அவர் சட்டைக் காலரைப் பிடித்தேன்.

"என்னலே, கேலி பண்ணுனா செம்பத் தூக்கி எறிவியா?"

அவர் என்னை அடிக்கவில்லை. என் கையைப் பிடித்து இழுத்தபடி முகத்துக்கு நேரே கத்தினார்.

"கொச்சு! கொச்சு!"

கொச்சு என்றால் குழந்தை. அதுவும் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்த வார்த்தை மண்டைக்குள் இறங்க எவ்வளவு நேரமானது என்று தெரியவில்லை. அதற்குள் அவர் உதறிக்கொண்டு ஓடிவிட்டார். கையில் ஒரு பொத்தான் மட்டும் இருந்தது. அப்போதுதான் எனக்குப் பின்னாலிருந்து அந்த இரைச்சல் கேட்டது. லாரி ஜல்லி கொட்டுகிற மாதிரி, ஆனால் நிற்காமல்.

திரும்பினேன். ஆறு செம்மண் நிறத்தில் இருந்தது. மரக்கிளையும் சருகும் நுரையுமாக வந்துகொண்டிருந்தது. ஏழு படியில் மூன்றுதான் மிச்சம். படியில் யாரும் இல்லை.

"ஜெசீ!" என்று வாசலிலிருந்து மெர்லின் அலறினாள். இலையோடு மீன் அவள் கையிலிருந்து விழுந்தது.

இருபதடி தள்ளிக் கரையில் சாய்ந்து நின்ற மருதமரத்து வேரில் ஒரு மஞ்சள் கவுன் சிக்கியிருந்தது. தலை தெரிந்தது, முங்கியது, மறுபடி தெரிந்தது. குமுளிக்காரர் கரையோடு ஓடி, மரத்தைப் பிடித்துக்கொண்டு நெஞ்சளவுத் தண்ணீரில் இறங்கிவிட்டார். ஒரு கை வேரில், ஒரு கை அவள் கவுனில். வந்த ஒரு கிளை அவர் தோளில் மோதியது. அவர் மூழ்கினார். அவளையும் காணவில்லை.

நான் கரைக்கு ஓடினேன்.

அவள் முதலில் வந்தாள். அவர் கை அவளைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தது. கொட்டகைத் தார்ப்பாயைக் கட்டியிருந்த கயிற்றைச் சுருளியாண்டி மீன் வெட்டும் கத்தியால் அறுத்துக்கொண்டு ஓடி வந்தார். "மரியராசு, வயித்துல கட்டிக்கிட்டு எறங்கு, நாங்க பிடிக்கிறோம்" என்றார். இறங்கினேன். ஜெசிந்தாவை வாங்கிப் பின்னால் நீட்டினேன். மெர்லின் பிடுங்கிக்கொண்டாள். அப்புறம் குமுளிக்காரர் கையைப் பிடித்தேன். கொஞ்சம் முன்னால் எந்தக் கையால் காலரைப் பிடித்தேனோ அதே கைதான். நாலுபேர் சேர்ந்து எங்கள் இருவரையும் மேலே இழுத்தார்கள்.

ஜெசிந்தா மூச்சுக் காட்டவில்லை. மெர்லின் அவளைக் குப்புறப் போட்டு முதுகைத் தட்டினாள். ஒன்றுமில்லை. மறுபடி தட்டினாள். குமுளிக்காரரால் எழுந்திருக்க முடியவில்லை, தவழ்ந்தே வந்து பார்த்தார். அவர் மனைவி முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது தட்டில் செம்மண் தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. அப்புறம் இருமல். அப்புறம் ஒரு அழுகை. அப்படி ஒரு இனிமையான சத்தத்தை நான் எந்தப் பூசையிலும் கேட்டதில்லை.

மெர்லின் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிள்ளையோடு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

குமுளிக்காரர் மண்ணில் உட்கார்ந்து வாயில் புகுந்த சேற்றைத் துப்பிக்கொண்டிருந்தார். தோளில் தோல் உரிந்திருந்தது. சட்டை காலரோடு கிழிந்திருந்தது, அது ஆறு கிழித்ததல்ல. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எதையோ கேட்க வாயெடுத்தார். "வெ..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். கண்கள் ஒரு தடவை கொட்டகையில் நின்றவர்களைச் சுற்றி வந்தன. பிறகு ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்துச் சொன்னார்.

"தண்ணி. கொஞ்சம்... தண்ணி."

என் பிள்ளையைத் தூக்கி வந்து போட்டவர், என் முன்னால் தன் வாய்ச்சொல்லைச் சொல்லக் கூச்சப்பட்டார். அதைவிட அவர் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

கொட்டகைக்குள் ஓடினேன். இலையில் கிடந்த செம்பை எடுத்துக் கழுவி, டிரம்மில் மொண்டு கொண்டுவந்தேன். ஓடிய ஓட்டத்தில் பாதி வழியிலேயே சிந்தியது. அவர் முன்னால் மண்டியிட்டு நீட்டினேன்.

"வெள்ளம் குடிங்க, சேட்டா" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை.