களைப்பைத் திருப்பித் தந்த பாட்டு

நெசவாலையில் எல்லோரும் அவளை ஊமைச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். ஆனால் அவள் ஊமையே இல்லை. சின்ன வயதில் அவள் ஒருநாள் வாய்விட்டுப் பாடியதில், பக்கத்து வீட்டில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள் குலுங்கிக் குலுங்கி அழுதுவிட்டார்கள். அவர்கள் மனதுக்குள் அமுக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கிவிட்டது. அம்மா பயந்துபோனாள். பாட்டில் மந்திரம் இருக்கும் பிள்ளைகளை ஆலை முதலாளிகள் கொத்திக்கொண்டு போய்விடுவார்கள்.

"இனிமே வாயத் திறந்தே, என்னை உசுரோட பாக்க மாட்டே" என்று சத்தியம் வாங்கிய அம்மா, பெண்ணுக்குப் பேச்சு வராது என்று ஊருக்குச் சொல்லிவிட்டாள்.

வளர்ந்ததும் அக்காவோடு அவளும் தறிக்கூடத்தில் சேர்ந்தாள். அம்மாவுக்கு அதே ஆலையில் நூல் சுற்றும் வேலை. கூடத்தின் நடுவே உயரமான பலகைமேல் நின்று பாடகர் ஒருவர் நாள் முழுக்கப் பாடுவார். அந்தப் பாட்டு காதில் விழுந்தால் களைப்பு தெரியாது, பசி தெரியாது, கை தானாக ஓடும். வீட்டுக்கு வந்து விழுந்த பிறகுதான் உடம்பு அடித்துப் போட்டதுபோல வலிக்கும். ஊமைச்சிக்கு மட்டும் அந்தப் பாட்டு ஏறவில்லை. அவளுக்கு எல்லா வலியும் அப்போதைக்கப்போதே தெரிந்தது.

அன்று முற்பகலில் அக்காவின் உள்ளங்கையைத் தறிக்கம்பி கிழித்துவிட்டது. ரத்தம் முழங்கைவரை வழிந்தது. அக்காவோ சிரித்த முகமாக இழை முடிந்துகொண்டிருந்தாள். ஊமைச்சி ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள்.

"விடுடி, வேலை கெடக்கு" என்று அக்கா உதறினாள்.

ஊமைச்சி மேஸ்திரியைக் கூட்டிவந்து காட்டினாள். அவர் எட்டிப் பார்த்தார்.

"துணியில கறை படாமப் பாத்துக்குங்க."

அவ்வளவுதான். சத்தியமாவது ஒன்றாவது! ஊமைச்சி வாயைத் திறந்தாள்.

முதலில் வந்தது கரகரப்புதான். பிறகு குரல் தெளிந்து எழுந்தது. சொல்லே இல்லாத பாட்டு அது. முன்வரிசையில் ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு "ஐயோ அம்மா" என்றாள். அக்கா தன் கையைப் பார்த்து அலறினாள். தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. பாடகர் குரலை உயர்த்தினார். இவள் அதற்கு மேலே ஏறினாள். கழுத்து நரம்பு புடைக்கப் பாடியவர், கடைசியில் தொண்டையைப் பிடித்துக்கொண்டு பலகையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தொண்டையெல்லாம் புண்ணும்மா. இப்பத்தான் தெரியுது" என்றார்.

முதலாளி பாய்ந்து வந்தார். கோபம் வந்த வேகத்திலேயே கணக்கும் வந்துவிட்டது.

"ஊமைன்னாங்களே! இவ்வளவு பெரிய குரலா? இவர் எடத்துல நீ பாடு. வீடு தரேன், வேலைக்கு ஆள் தரேன்."

"நீங்க கேக்குற பாட்டு எனக்கு வராதுங்க."

"வர வைப்போம்."

"வந்தாலும் பாட மாட்டேன்."

அதற்குள் அம்மா மூச்சிரைக்க ஓடிவந்து நின்றாள். அம்மாவைப் பார்த்ததும்தான் அவளுக்குப் பயம் வந்தது. அம்மா திட்டவில்லை. முந்தானையைக் கிழித்து அக்காவின் கையைக் கட்டிவிட்டு முதலாளியிடம் திரும்பினாள்.

"இத்தனை வருஷமா நான்தான் அவ வாயைப் பொத்தி வச்சேன். பெத்தவ எனக்கே கடைசிவரைக்கும் முடியல. உங்களால முடியுமா?"

"பிடிடா அவளை!" என்றார் முதலாளி.

காவல்காரன் கையை நீட்டினான். அவள் அவனைப் பார்த்தே பாட்டில் ஓர் இழுப்பு இழுத்தாள். அவன் முழங்காலைத் தடவிக்கொண்டே துணிமூட்டைமேல் சாய்ந்தான்.

"காலையிலேருந்து நின்னுக்கிட்டே இருக்கேன் முதலாளி. கொஞ்சம் இருங்க, வரேன்."

கூடமே சிரித்தது.

அவளை அன்றே வேலையிலிருந்து நீக்கினார்கள். முதலாளி வேறு பாடகர்களைக் கொண்டுவந்து பார்த்தார். அவர்கள் உள்ளே வாயைத் திறந்தால் இவள் மதிலுக்கு வெளியிலிருந்து பதில் கொடுத்தாள். சலித்துப்போய்க் கடைசியில் பாட்டே இல்லாமல் தறி ஓட்டினார்கள். கை அறுபட்டால் தறி நின்றது, பசித்தால் சாப்பிட்டார்கள். அக்காவின் விரல்கள் இரண்டு மடங்காமலே போய்விட்டன. அதை நினைக்கும்போதெல்லாம் இன்னும் முன்னாலேயே பாடியிருக்கலாமே என்று அவளுக்கு நெஞ்சு எரியும்.

அந்த எரிச்சலோடுதான் ஒருநாள் அடுத்த தெருச் சாயப்பட்டறை வாசலுக்குப் போனாள். உள்ளே ஒருவர் உருகி உருகிப் பாடிக்கொண்டிருந்தார்.

"யாரும்மா நீ? இங்க வேலை ஒண்ணும் காலி இல்ல" என்றான் வாயிலில் இருந்தவன்.

"வேலை கேக்க வரலண்ணே" என்றவள், தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு பாட ஆரம்பித்தாள்.